தலைக்கணக்கும் தனிக்கணக்கும்



தோட்டத்து லயத்தில் கோழி வளர்த்தவர்களுக்கு ஒரு சங்கதி நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரே ஈட்டில் பொரித்த குஞ்சுகளாக இருந்தாலும், வளர்ந்த பிறகு எல்லாப் பெட்டைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று அடையில் உட்கார்ந்தால் பன்னிரண்டு முட்டையில் பதினொன்றையாவது பொரித்துக்கொண்டுதான் எழுந்து வரும். மற்றொன்று மூன்றாம் நாளே முட்டைகளை மறந்துவிட்டுக் குப்பையைக் கிளறப் போய்விடும். இன்னொன்று தன் முட்டையைத் தானே கொத்திக் குடிக்கும். வீட்டில் எத்தனை கோழி என்று கேட்டால் மூன்று என்றுதான் சொல்வோம். ஆனால் அடுத்த ஆண்டு கூடை நிறையுமா நிறையாதா என்பது அந்த முதல் கோழியின் கையில் இருக்கிறது என்பது வீட்டு அம்மாவுக்குத் தெரியும்.

பால்மரத்திலும் இப்படித்தான். விதை போட்டு வளர்த்த பழைய மரங்களை வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே நிரையில், ஒரே மண்ணில், ஒரே வயதில் நிற்கும் மரங்களில் ஒன்றில் மங்கு நிரம்பி வழியும். அடுத்ததில் அடி மட்டும் நனைந்திருக்கும். ஒட்டு மரங்கள் வந்த பிறகுதான் அந்த வேற்றுமை பெரும்பாலும் மறைந்தது.

காட்டில் வாழும் உயிர்களைப் பற்றிப் படித்தவர்கள் இந்த எளிய உண்மையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அவர்கள் தலைகளை எண்ணினார்கள். ஒரு தீவில் ஐம்பது பறவை, ஒரு காட்டில் இருபது காண்டாமிருகம் என்று எண்ணி எழுதினார்கள். அந்த ஐம்பதும் இருபதும் ஏன் ஓர் ஆண்டு கூடுகின்றன, ஓர் ஆண்டு குறைகின்றன, ஏன் சில சமயம் யாரும் எதிர்பாராத விதத்தில் அடியோடு அற்றுப்போகின்றன என்ற கேள்விக்கு விடை தேடிய கதையைத்தான் இன்று சொல்ல வந்தோம். அந்தக் கதையில் ஒரு பாதிரியார் வருகிறார், ஒரு குடும்பத் தலைவி வருகிறார், நீல வளையம் அணிந்த ஒரு சிறு குருவி வருகிறது. கடைசியில் நம்முடைய நாட்டுச் செம்பனைத் தோட்டம் ஒன்றும் வருகிறது.

முதலில் பாதிரியார். 1873-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் ஒரு பத்திரிகையில் ஒரு புதிர்க்கணக்கைக் கேட்டார். அந்நாட்டில் குடும்பப் பெயர் தகப்பன் வழியாக மகனுக்குப் போகும். மகன் இல்லாத வீட்டோடு அந்தப் பெயர் முடிந்துவிடும். பெயர்பெற்ற குடும்பங்கள் பல இப்படி அற்றுப்போவதைப் பலரும் கவனித்திருந்தார்கள். அது அந்தக் குடும்பங்களின் சீர்கேட்டினாலா, அல்லது வெறும் தற்செயலாலா என்பதே கால்டனின் கேள்வி. ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார் கணிதத்திலும் வல்லவர். அவர் விடை எழுதினார். 1874-இல் இருவரும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டதின் சாரம் இதுதான். ஒரு வீட்டில் இரண்டு மகன், அடுத்த வீட்டில் ஒன்றுமில்லை, அதற்கடுத்ததில் ஒன்று என்று பிள்ளைப்பேறு தாயக்கட்டை உருட்டியது போல் விழுகிறது. ஊர் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் மக்கள் தொகை குறையாமலே இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால், இரண்டு மூன்று தலைமுறையில் தாயக்கட்டை ஒருமுறை தவறாக விழுந்தாலும் போதும், வம்சம் முடிந்துவிடும். எல்லாப் பெயர்களும் ஒருநாள் அற்றே தீரும் என்று வாட்சன் முடிவு கட்டியது தவறு. தொகை பெருகும் இடத்தில் சில வம்சங்கள் தப்பிப் பிழைக்கும் என்பதை 1930-இல் டென்மார்க்கின் ஸ்டெபென்சன் சரியாகக் காட்டினார். இருந்தாலும் வாட்சன் போட்ட பாதை நல்ல பாதை. சிறிய கூட்டத்துக்குத் தற்செயலே பெரிய எதிரி என்பது அதிலிருந்துதான் விளங்கிற்று.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. எல்லாத் தகப்பன்மாரையும் அது ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டது. ஒவ்வொருவர் கையிலும் ஒரே தாயக்கட்டை. நம் வீட்டு மூன்று கோழிகளுக்கும் ஒரே தாயக்கட்டையா?

இதை அறிய வேண்டுமானால் ஒவ்வொரு பறவையையும் தனித்தனியே அடையாளம் காண வேண்டும். டென்மார்க்கில் மார்ட்டன்சன் என்ற பள்ளி ஆசிரியர் 1899-இல் மைனா இனத்தைச் சேர்ந்த பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். பறவை எங்கே போகிறது என்று அறியவே அவர் அப்படிச் செய்தார். அதற்குமேல் ஒரு படி சென்றவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வாழ்ந்த மார்கரெட் மோர்ஸ் நைஸ் அம்மையார். அவர் பல்கலைக்கழகப் பதவி எதுவும் வகிக்காதவர், பெண் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த குடும்பத் தலைவி. 1928 முதல் தம் வீட்டை ஒட்டிய வெளியில் இருந்த பாட்டுச் சிட்டுக்குருவிகளின் காலில் வண்ண வளையங்களை மாட்டினார். சிவப்பும் பச்சையும் நீலமும் மாறி மாறி வர, தூரத்திலிருந்து பார்த்தாலே இது இன்ன குருவி என்று சொல்ல முடிந்தது. அவற்றில் ஓர் ஆண் குருவிக்கு 4எம் என்று பெயர். விடியலிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்து எண்ணியதில் அது ஒரே நாளில் 2,305 தடவை பாடியது என்று அம்மையார் குறித்து வைத்திருக்கிறார். அடுப்பில் சோறு என்னவாயிற்று என்று நாம் கேட்கக் கூடாது.

அவர் 1937-இலும் 1943-இலும் வெளியிட்ட இரண்டு நூல்கள் பறவை ஆராய்ச்சியின் போக்கையே மாற்றின. ஒரு குருவி ஒரே கோடையில் செத்தது, அடுத்தது பல ஆண்டு வாழ்ந்தது. ஒன்று கூடு கூடாகக் குஞ்சு பொரித்தது, மற்றொன்றுக்கு ஒன்றும் தேறவில்லை. அதன்பிறகு உலகின் பல மூலைகளில் பறவைகளையும் மான்களையும் பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தவர்கள் கண்டதும் ஏறக்குறைய இதுவே. ஒரு தலைமுறையில் பிறந்தவற்றில் பெரும்பாலானவை சந்ததி இல்லாமலே மறைந்துவிடுகின்றன. அடுத்த தலைமுறையின் பெரும்பகுதி ஒரு சில தாய்களிடமிருந்தே வருகிறது.

இது தெரியாததால் வந்த கேடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹீத் கோழி என்ற காட்டுக்கோழி இனம் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தது. சுட்டுத் தின்று தீர்த்ததில், 1870-க்குள் மாசசூசெட்ஸ் மாநிலக் கரைக்கு அப்பாலுள்ள மார்த்தாஸ் வின்யார்ட் என்ற ஒரே தீவில் மட்டும் எஞ்சியது. 1908-இல் அவற்றுக்கென 1,600 ஏக்கர் ஒதுக்கினார்கள். அப்போது இருந்தவை சில டசன்களே. காவல் போட்டதும் பெருகி, 1916 அளவில் சுமார் 2,000 ஆயின. காப்பாற்றியாயிற்று என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

1916 மே மாதத்தில் தீவில் காட்டுத்தீ. மே மாதம் பெட்டைகள் அடை உட்காரும் மாதம். சேவல்கள் பறந்து தப்பின. பெட்டைகள் முட்டைகளை விட்டு எழாமல் கூட்டிலேயே வெந்து மடிந்தன. நெருப்பு தலைக்கணக்குப் பார்த்து எரிக்கவில்லை. எவை நல்ல தாய்களோ அவற்றைத் தேடி எரித்தது போல் ஆயிற்று. அடுத்து வந்த குளிர் கடுமையானது. வடக்கிலிருந்து பருந்துகளும் வந்து சேர்ந்தன. பின்னர் வான்கோழிகளிடமிருந்து கருந்தலை நோய் தொற்றியது. இடையில் சில ஆண்டுகள் எண்ணிக்கை ஏறியது போலத் தோன்றினாலும், எண்ணியவற்றில் மிகப் பெரும்பாலானவை சேவல்கள். 1927-இல் 13 பறவைகள், அவற்றில் பெட்டைகள் இரண்டே. 1928 முடிவில் ஒரே ஒரு சேவல். இணைதேடும் காலத்தில் சேவல்கள் கூடும் வெளிக்கு அது தனியே வந்து நின்றுவிட்டுப் போகும். 1931-இல் ஆல்பிரட் கிராஸ் என்ற பேராசிரியர் அதைப் பிடித்து வளையம் மாட்டி விட்டார். கடைசியாக அதைக் கண்டது 1932 மார்ச் 11-ஆம் நாள்.

இதற்கு நேர்மாறான கதை நியூசிலாந்தில் நடந்தது.

நியூசிலாந்துக்குக் கிழக்கே 800 கிலோமீட்டர் தூரத்தில், ஓயாத காற்று வீசும் சாத்தம் தீவுகள் இருக்கின்றன. அங்கே கருப்பு ராபின் என்ற குருவி வாழ்கிறது. நம் ஊர் சிட்டுக்குருவி அளவுதான், உடல் முழுவதும் மை போன்ற கருப்பு. வெள்ளைக்காரர் கப்பல்களோடு வந்த பூனையும் எலியும் இதைத் தீவு தீவாகத் தின்று தீர்த்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சிறிய மாங்கிரே என்ற செங்குத்தான பாறைத் தீவின் உச்சியில் மட்டுமே இது எஞ்சியிருந்தது. பூனை ஏற முடியாத பாறை அது. 1938-இல் சார்லஸ் பிளெமிங் என்பவர் அங்கே ஏறிப் பார்த்து, இந்த இனம் உயிரோடு இருப்பதை உலகுக்குச் சொன்னார்.

உச்சியில் இருந்த சிறு புதர்க்காடும் காலப்போக்கில் காய்ந்து அழியத் தொடங்கியது. 1972-இல் எண்ணியபோது 18 குருவிகள். 1976-இல் 7. வனவிலங்கு இலாகாவைச் சேர்ந்த டான் மெர்ட்டனும் அவருடைய கூட்டாளிகளும் அந்த ஏழையும் பிடித்து, பெட்டியில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டு, பாறைச் சரிவில் இறங்கிப் படகேற்றி, அருகிலிருந்த மாங்கிரே தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஆட்டு மந்தைக்காக மொட்டையடிக்கப்பட்டிருந்த அந்தத் தீவில் அப்போதே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டுவந்தார்கள். ஆனாலும் குருவிகள் பெருகவில்லை. 1980-இல் எஞ்சியவை ஐந்து: மூன்று ஆண், இரண்டு பெண்.

அந்த இரண்டு பெண்ணிலும் குஞ்சு பொரித்து வளர்க்கத் தக்கதாக இருந்தது ஒன்றுதான். அதன் காலில் நீல வளையம் இருந்ததால் ஓல்ட் புளூ, அதாவது நீலக் கிழவி என்று அழைத்தார்கள். கிழவி என்றது விளையாட்டுக்கு அன்று. இந்தக் குருவிகள் பொதுவாக நான்கு ஆண்டு வாழ்ந்தால் அதிகம். கிழவிக்கு அப்போதே எட்டைத் தாண்டிவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் அது தன் பழைய துணையை விட்டு, மஞ்சள் வளையம் போட்ட ஓர் ஆண் குருவியோடு சேர்ந்திருந்தது. அந்தச் சேர்க்கை பலித்தது. உலகத்தில் அந்த இனத்துக்கென இருந்த ஒரே உருப்படியான குடும்பம் அது.

கருப்பு ராபின் ஓர் ஈட்டில் இரண்டு முட்டைதான் இடும். ஆண்டுக்கு இரண்டு முட்டை என்றால் கிழவி சாவதற்குள் என்ன தேறும்? மெர்ட்டன் இங்கே ஒரு யோசனை செய்தார். அவர் சிறுவனாக இருந்தபோது தம் பாட்டி வளர்த்த கேனரிக் குருவியிடம் வேறு இனக் குருவியின் குஞ்சுகளை விட்டு வளர்க்கச் செய்தவர். கோழியை வைத்து வாத்து முட்டை பொரிக்கும் வித்தை நம் தோட்டத்திலும் உண்டல்லவா, அதே வித்தைதான். கிழவியின் முட்டைகளை எடுத்து வேறு குருவியின் கூட்டில் வைத்துவிட்டால், முட்டை போயிற்று என்று எண்ணிக் கிழவி மறுபடி இடும்.

முதலில் வார்ப்லர் என்ற சிறு குருவியிடம் வைத்தார்கள். அது பொரித்தது, ஆனால் குஞ்சுகள் வளர வளர அவற்றுக்குப் போதிய இரை கொடுக்க அதனால் முடியவில்லை. பிறகு இன்னொரு தீவிலிருந்த டாம்டிட் என்ற குருவியிடம் கொண்டுபோனார்கள். அது ராபினுக்கு நெருங்கிய உறவு. கொந்தளிக்கும் கடலில் படகேறி, முட்டைகளைச் சூடு குறையாமல் பெட்டியில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். டாம்டிட் நன்றாக வளர்த்தது. அளவுக்கு மீறியே நன்றாக வளர்த்தது என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அங்கே வளர்ந்த ராபின் குஞ்சுகள் தம்மை டாம்டிட் என்றே நினைத்துக்கொண்டு டாம்டிட் பாட்டைப் பாடத் தொடங்கின. ஆகவே சிறகு முளைக்கும் பருவத்தில் மீண்டும் ராபின் கூட்டுக்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது.

கிழவி 11 குஞ்சுகளை வாழவைத்தது. 1983 கடைசியில் பதின்மூன்று வயதுக்கு மேல் அது மறைந்தது. அந்நாட்டு அமைச்சர் ஒருவரே அந்தச் செய்தியை அறிவித்தார். ஒரு குருவிக்கு அமைச்சர் இரங்கல் சொன்ன இடம் வேறெங்கும் இருக்குமா என்று நமக்குத் தோன்றவில்லை. 1989-இல் குருவிகள் நூற்றைத் தாண்டியதும் மனிதர் கை உதவியை நிறுத்தினார்கள். இன்று இருநூற்றுக்கு மேல் இருக்கின்றன. அத்தனையும் நீலக் கிழவிக்கும் மஞ்சள் வளையத்தானுக்கும் பிறந்த வழி.

ஹீத் கோழி 2,000 இருந்தும் அழிந்தது. ராபின் 5 இருந்தும் பிழைத்தது. தலையை மட்டும் எண்ணுகிறவனுக்கு இது விளங்காது.

ஆனால் நீலக் கிழவி உண்மையிலேயே மற்றவற்றைவிட மேலான குருவியா, அல்லது அதிர்ஷ்டம் அடித்த சாதாரணக் குருவியா? இது குதர்க்கமான கேள்வி அன்று. எல்லாக் குருவியும் ஒரே தரம் என்றே வைத்துக்கொண்டாலும், தாயக்கட்டை விழுகிற விதத்தால் மட்டுமே ஒன்றுக்குப் பதினொன்றும் மற்றவற்றுக்குப் பூஜ்யமும் கிடைக்கலாம். பிறகு அந்தப் பதினொன்றைப் பார்த்து நாம் ஆகா என்கிறோம். 2009-இல் துல்ஜாபுர்கர், ஸ்டைனர், ஓர்சாக் என்ற மூவர் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள். வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையில் நாம் காணும் வேற்றுமையில் பெரும்பகுதி பிறவித் திறமையைக் காட்டாமல், வாழ்க்கைப் பாதையில் நேர்ந்த தற்செயலையே காட்டக்கூடும் என்பது அவர்கள் வாதம். நாமோ, பதின்மூன்று வயது வரை அந்தக் குளிரிலும் காற்றிலும் வாழ்ந்த உடம்பில் ஏதோ ஒரு வலு இருந்திருக்க வேண்டும் என்றே எண்ணுகிறோம். ஆனால் ஒரே ஒரு கிழவியை வைத்து அதை நிரூபிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

பிறவி வேற்றுமைக்குச் சான்று அந்தத் தீவிலேயே வேறு விதத்தில் கிடைத்தது. 1984-இல் ஒரு பெண் ராபின் முட்டையைக் கூட்டின் நடுவில் இடாமல் விளிம்பில் இட்டது. விளிம்பில் கிடக்கும் முட்டை அடைக்குள் வராது, கெட்டுப்போகும். ஒவ்வொரு முட்டையும் பொன்னாக இருந்த காலம் அது. ஆகவே காவலர்கள் அதை மெல்ல உள்ளே தள்ளி வைத்தார்கள். குஞ்சு பொரித்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்தப் பழக்கம் வம்சத்தில் இறங்குகிற பழக்கம். 1989-க்குள் பாதிக்கு மேற்பட்ட பெண் குருவிகள் விளிம்பில் முட்டையிடத் தொடங்கிவிட்டன. உதவியை நிறுத்தியதும் விளிம்பு முட்டைகள் வீணாயின. அந்தப் பழக்கம் உள்ளவை குறைந்து பின்னாளில் நூற்றுக்கு ஒன்பது என்ற அளவுக்கு வந்தது. மெர்ட்டனும் மற்ற ஆராய்ச்சியாளர்களும் திரட்டிய இந்தச் செய்தி, 2011-இல் அவர் காலமான பிறகு, 2013-இல் வெளியாயிற்று. தம்முடைய பெருவெற்றிக்குள் இருந்த பிழையைத் தாமே தோண்டி எடுத்தவர்களை நாம் மதிக்க வேண்டும். உதவி இன்னும் இருபது ஆண்டு நீண்டிருந்தால், மனிதன் கை இல்லாமல் வாழ முடியாத குருவிகளே அங்கு மிஞ்சியிருக்கக்கூடும்.

இனிக் கணக்கு. பயப்பட வேண்டாம், கோழிக் கணக்குத்தான்.

காட்டு விலங்குக் கூட்டம் ஒன்று அற்றுப்போகாமல் இருக்கக் குறைந்தது எத்தனை இருக்க வேண்டும் என்ற கேள்வியை மார்க் ஷாபர் என்ற அமெரிக்கர் 1981-இல் ஒழுங்குபடுத்தி எழுதினார். பிறப்பு இறப்பில் வரும் தற்செயல், வானிலையால் வரும் ஏற்ற இறக்கம், தீ வெள்ளம் போன்ற பேரிடர், பரம்பரைக் கூறுகள் தேய்வது என்று நான்கு ஆபத்துகளைச் சொன்னார். நாம் பேசுவது முதல் ஆபத்தை. உயிருக்கு உயிர் உள்ள வேற்றுமை அதைக் கூட்டுமா குறைக்குமா? கூட்டும் என்றே எவருக்கும் முதலில் தோன்றும். 2002-இல் புரூஸ் கெண்டல், கோர்டன் பாக்ஸ் என்ற இருவர் அது அப்படியே சரியில்லை என்று காட்டினார்கள்.

பத்துக் கோழிகளை எடுத்துக்கொள்வோம். இந்த ஆண்டு முடியும்போது ஒவ்வொன்றும் பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சராசரியாக ஐந்து மிஞ்சும். ஆனால் சரியாக ஐந்து மிஞ்சுவது நாலில் ஒரு தடவைதான். சில சமயம் எட்டு மிஞ்சும், சில சமயம் இரண்டு. 1,024-இல் ஒரு தடவை பத்தும் போய்விடும். இப்போது வேறு ஒரு கூட்டம்: ஐந்து கோழி எந்த நோய்க்கும் அசையாத வைரக் கோழி, ஐந்து எப்படியும் செத்துவிடும் சீக்குக் கோழி. இங்கும் மிஞ்சுவது ஐந்து. ஆனால் எந்த ஆண்டும் ஐந்துதான், ஏறாது, இறங்காது. சராசரி ஒன்றே, ஆட்டம் மட்டும் அடங்கிவிட்டது. ஆக, பிழைப்பதில் உள்ள வேற்றுமை, அந்தக் கலப்பு மாறாமல் இருக்கும் வரையில், தற்செயலின் ஆட்டத்தைக் குறைக்கிறது.

கலப்பு மாறாமல் இருக்கும் வரையில் என்றோமே, அதுதான் முடிச்சு. கூட்டம் சிறுத்துப்போனால், எஞ்சியவற்றில் வைரக் கோழி எத்தனை என்பதே தற்செயலாகிவிடுகிறது. அப்போது அந்த லாபம் கிடைக்காது.

குஞ்சு பொரிப்பதில் உள்ள வேற்றுமையோ வேறு விதம். பத்துப் பெட்டையும் ஆளுக்கு இரண்டு குஞ்சு வளர்க்கும் என்றால் மொத்தம் இருபது. இரண்டு பெட்டை மட்டும் ஆளுக்குப் பத்து வளர்த்து, மற்ற எட்டும் சும்மா இருந்தாலும் மொத்தம் இருபதே. ஓர் இரவு மரநாய் வருகிறது. ஒவ்வொரு பெட்டையும் தப்பப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதல் வீட்டில் ஒரு குஞ்சும் கிடைக்காமல் போக 1,024-இல் ஒரு வாய்ப்பு. இரண்டாவது வீட்டில் நாலில் ஒரு வாய்ப்பு. இரண்டு வீட்டிலும் கூடையில் இருந்தது பத்துப் பெட்டைதான். எண்ணிக்கை பத்து என்று எழுதி வைத்த அதிகாரிக்கு இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சாத்தம் தீவில் மெர்ட்டனின் கையில் இருந்தது இரண்டு பெட்டைகூட அன்று, ஒன்று.

நம் நாட்டுக்கு வருவோம்.

சுமத்திராக் காண்டாமிருகம் ஒரு காலத்தில் மலாயாக் காடுகளிலும் சபாவிலும் உலவிய விலங்கு. காண்டாமிருகங்களில் இதுவே சிறியது, உடம்பில் மயிர் உள்ளது, கொம்பு இரண்டு. அழிந்துவிடும் என்று அஞ்சி, 1984 முதல் பன்னிரண்டு ஆண்டுக் காலத்தில் மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் 40 விலங்குகளைப் பிடித்துப் பல இடங்களில் வளர்த்தார்கள். நாற்பது என்றால் நல்ல தொகைதான். ஆனால் அந்த நாற்பதில், கூட்டில் இருந்தபடியே இணைந்து கன்று ஈன்றது ஒரே ஒரு சோடி: அமெரிக்காவில் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலைக்குப் போன எமியும் இப்புவும். எமிக்குக் கரு ஐந்து முறை கலைந்தது. ஆறாம் முறை மருந்து கொடுத்துக் காப்பாற்றி, 2001-இல் அந்தலாஸ் என்ற ஆண் கன்று பிறந்தது. பின் 2004-இலும் 2007-இலும் ஒவ்வொன்று. அந்தலாஸ் வளர்ந்து சுமத்திராவுக்குத் திரும்பி, 2012-இல் அங்கே ஒரு கன்றுக்குத் தகப்பனாயிற்று. மற்றப் பெண் விலங்குகளில் பலவற்றுக்குக் கருப்பையில் கட்டிகள். நெடுநாள் கன்று ஈனாமலே இருக்கும் பெண் விலங்குக்கு அந்த நோய் வருகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். காட்டில் எண்ணிக்கை குறைந்து இணை கிடைக்காமல் தனித்து அலைந்ததன் தழும்பு அது. சிலாங்கூர் சுங்கை டூசுனில் வளர்த்த கடைசி ஐந்தும் 2003-இல் ஒரு சில வாரங்களுக்குள் நோயில் இறந்தன.

2008 ஆகஸ்டு மாதம் சபாவில், தாபின் காட்டை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு காண்டாமிருகம் தானாகவே நடந்து வந்தது. வயதான ஆண். அதைப் பிடித்து டாம் என்று பெயரிட்டுத் தாபினில் வைத்துப் பராமரித்தார்கள். 2011 டிசம்பரில் புந்தோங் என்ற பெண் விலங்கு கிடைத்தது. அதற்கு இடது முன்னங்கால் பாதம் இல்லை. குட்டியாக இருந்தபோது வேட்டைக்காரர் கண்ணியில் சிக்கியிருக்க வேண்டும். 2014 மார்ச்சில் தானும் பள்ளத்தாக்கிலிருந்து ஈமான் என்ற மற்றொரு பெண் வந்து சேர்ந்தது.

தலைக்கணக்குப்படி ஓர் ஆணும் இரண்டு பெண்ணும். சாத்தம் தீவில் இருந்ததற்கு அதிகம் குறைவில்லை. ஆனால் தனிக்கணக்கு வேறு. டாமின் விந்து வலுவற்றது. புந்தோங்கின் கருப்பையில் நீர்க்கட்டிகள். ஈமானின் கருப்பையில் பெரிய கட்டிகள். கருமுட்டையை எடுத்துக் குழாயில் சேர்க்கும் முயற்சிகள் பலமுறை நடந்தும் கரு வளரவில்லை. மூன்றில் ஒன்றாவது எமியாக இருந்திருந்தால் என்று அங்கே வேலை செய்தவர்கள் எத்தனை இரவு நினைத்திருப்பார்கள்! 2015-இல், மலேசியக் காடுகளில் இந்த விலங்கு அற்றுப்போயிற்று என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். புந்தோங் தோல் புற்றுநோயால் துன்புற்று 2017 ஜூனில் இறந்தது. டாம் 2019 மே 27-இல் இறந்தது. அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் மாலை ஈமானும் இறந்தது. அவற்றின் உயிரணுக்களில் சில உறைநிலையில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கன்று என்று ஒன்று மூன்றுக்கும் இல்லை.